லினக்ஸில் புளூடூத் ஹெட்ஃபோன்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று ஏதோ ஒரு லினக்ஸை நான் போட்டுக் கொடுத்த வீடுகளிலிருந்து வரும் அழைப்புகளில் பிரின்டர் தொல்லைக்கு அடுத்தபடியாக வருவது புளூடூத் ஹெட்ஃபோன்தான். அதே ஏழெட்டு சந்தேகம், ஆள் மட்டும் வேறு. ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். 'சிடிஎல்' என்று முடிகிற சொற்களில் கடைசியில் சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும், நடுவில் இடைவெளி கிடையாது.

அண்ணா, லினக்ஸ்ல புளூடூத் ஹெட்ஃபோன் ஒழுங்கா வேலை செய்யுமா, இல்ல வயர் உள்ளதே வாங்கிடட்டுமா?

செய்யும், தாராளமாக வாங்குங்கள். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸீ 2001இலேயே இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் வந்துவிட்டது. பெரிதாக மாறியது மேலே இருக்கிற ஒலிப் பகுதிதான். முன்பு எல்லா இடத்திலும் பல்ஸ்ஆடியோ இருந்தது, இப்போது பைப்வயர். ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022), மின்ட் 22 (2024) என்று ஒவ்வொன்றாக மாறின. அதனால் 2016இல் யாரோ எழுதிய தீர்வை அப்படியே எடுத்து இன்றைய மின்டில் ஒட்டினால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். ஒரு கட்டளையைக் கண்டால் முதலில் அது எந்த வருடத்துக்கானது என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகிவிடும். இதில் மூன்று அடுக்கு இருக்கிறது. அடியில் புளூடூத் சிப்பும், அதை இயக்க அதற்குள் ஏற்றப்படும் சின்ன மென்பொருளான ஃபர்ம்வேரும், கெர்னலும். நடுவில் புளூஸீ, ஹெட்ஃபோனைக் கண்டுபிடிப்பது, பேர் செய்வது (ஜோடி சேர்ப்பது), இணைப்பது இதன் வேலை. மேலே பைப்வயரும் அதன் மேற்பார்வையாளரான வயர்பிளம்பரும்; சத்தத்தை எங்கே அனுப்புவது, எந்தத் தரத்தில் அனுப்புவது என்பதெல்லாம் அவற்றின் பொறுப்பு. கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியாமல் கண்டதையும் தட்டிப் பார்ப்பதால்தான் அரை நாள் வீணாகிறது. லினக்ஸையே அழித்து மறுபடி போட்டவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவையே இல்லை.

சத்தமெல்லாம் அப்புறம், எனக்கு புளூடூத்தே ஆன் ஆகல. பட்டனைத் தள்ளினா திரும்ப ஆஃப் ஆயிடுது

இது அடி அடுக்கு. டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டிப் பாருங்கள். புளூடூத்துக்கு நேராக இரண்டு வரி வரும். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு 'யெஸ்' என்று இருந்தால் மென்பொருள்தான் பூட்டியிருக்கிறது, 'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' என்றால் திறந்துவிடும். 'ஹார்டு பிளாக்டு' யெஸ் என்றால் எந்தக் கட்டளையாலும் ஒன்றும் ஆகாது. விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையையோ, பழைய லேப்டாப்பாக இருந்தால் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்விட்சையோ, பயாஸ் அமைப்பையோ பாருங்கள்.

பட்டியலில் புளூடூத் என்ற பேச்சே இல்லையென்றால் சிப்பைக் கெர்னல் பார்க்கவில்லை, அல்லது ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. 'சூடோ டிமெஸ்ஜி' என்று தட்டி, வருகிற வரிகளில் புளூடூத் என்று இருப்பவற்றைப் படியுங்கள். ஏதோ ஒரு கோப்பை ஏற்ற முடியவில்லை என்று சிவப்பில் வந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவுங்கள் அல்லது புதுப்பியுங்கள். டெபியனில் 11ஆம் பதிப்பு வரை இந்த ஃபர்ம்வேர்கள் நிறுவும் வட்டோடு வராது, 2023இல் வந்த 12இலிருந்துதான் சேர்த்துத் தருகிறார்கள். பழைய டெபியனை மேம்படுத்திக்கொண்டே வந்தவர்களுக்கு இந்தக் குறை அப்படியே தொடர்ந்து வந்திருக்கும். ஆர்ச் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அங்கே புளூடூத் சேவை தானாக ஓடாது, நாம்தான் சிஸ்டம்சிடிஎல் வழியாக இயக்கிவிட வேண்டும்.

நேற்றுவரை வந்துகொண்டிருந்த புளூடூத் இன்று காலையில் காணாமல் போயிருந்தால் இதையெல்லாம் தொடாதீர்கள். கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டு, பிறகு போடுங்கள். ரீஸ்டார்ட் போதாது, ஏனென்றால் ரீஸ்டார்ட்டில் சிப்புக்குப் போகிற மின்சாரம் நிற்பதே இல்லை, சிக்கிக்கொண்ட சிப் சிக்கியபடியே இருக்கும். விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, அங்கே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயக்கத்தில் இருந்தால், இது அடிக்கடி நடக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் வாங்கினேன், விண்டோஸ்ல எடுக்குது, இதுல எடுக்கல. டாங்கிள் தப்பா, லினக்ஸ் தப்பா?

'எல்எஸ்யுஎஸ்பி' என்று தட்டி என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ (சிஎஸ்ஆர்) என்று வந்தால் அது போலிச் சிப்பாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அந்தச் சிப்பை அச்சு அசலாகப் பெயரோடு நகலெடுத்தவை சந்தையில் ஏராளம், உள்ளே வேறு ஏதோ இருக்கும், பெயரும் எண்ணும் மட்டும் அசலுடையவை. அசல் செய்கிற சில வேலைகளை இவை செய்யாது. கெர்னல் எழுதுகிறவர்கள் இந்தப் போலிகளை அடையாளம் கண்டு சமாளிக்கத் தனியாகவே நிரல் சேர்த்திருக்கிறார்கள், அதனால் கெர்னலைப் புதுப்பித்தால் சில உயிர்பெறும். பெறாததற்காக ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள், வேறு வாங்குங்கள். ரியல்டெக் 8761பியு சிப் உள்ள டாங்கிள் என்றால் முந்தைய பதிலில் சொன்ன ஃபர்ம்வேர் இருந்தாலே போதும், என் மேசையில் அதுதான் இருக்கிறது.

என் ஹெட்ஃபோன் லிஸ்ட்லயே வரமாட்டேங்குது. ஃபோன்ல மட்டும் டக்குனு வருது

ஃபோனில் டக்கென்று வருவதுதான் காரணமே. ஹெட்ஃபோனை ஆன் செய்ததும் அது பழகிய ஃபோனிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது, அதன்பிறகு வேறு யார் கண்ணிலும் படாது. ஃபோனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெறுமனே ஆன் செய்வது வேறு, பேரிங் நிலை வேறு. பெரும்பாலானவற்றில் பொத்தானை ஐந்தாறு விநாடி விடாமல் அழுத்தினால் விளக்கு வேகமாகச் சிமிட்டும், அதுதான் அடையாளம். பெட்டிக்குள் வைக்கும் இயர்பட்ஸ் என்றால் பொத்தான் பெரும்பாலும் பெட்டியில் இருக்கும்.

சில ஹெட்ஃபோன்கள் ஒரே பெயரில் இரண்டு தடவை தெரியும், ஒன்று சாதாரண புளூடூத், இன்னொன்று குறைந்த மின்சக்தி வகை. ஒன்றில் சத்தம் வராவிட்டால் அதை நீக்கிவிட்டு மற்றதைப் பேர் செய்து பாருங்கள்.

பேர்டுனு காட்டுது, ஆனா கனெக்ட் ஆகமாட்டேங்குது. இரண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. பேரிங் என்பது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்வது, ஒருமுறை நடந்தால் போதும். கனெக்ட் என்பது அந்தச் சாவியைக் காட்டி ஒவ்வொரு முறையும் உள்ளே வருவது. மூன்றாவதாக டிரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது: இந்த ஹெட்ஃபோன் தானாக வந்து கதவைத் தட்டினால் கேள்வி கேட்காமல் திற என்று புளூஸீயிடம் சொல்வது. டிரஸ்ட் கொடுக்காத ஹெட்ஃபோனைத் தினமும் நாமே கையால் இணைக்க வேண்டியிருக்கும்.

செட்டிங்ஸ் திரையில் இதெல்லாம் மறைந்திருக்கும் என்பதால் டெர்மினலில் ஒருமுறை செய்வது நல்லது. 'புளூடூத்சிடிஎல்' என்று தட்டி உள்ளே போங்கள். 'ஸ்கேன் ஆன்' கொடுத்தால் சுற்றியிருக்கும் கருவிகள் முகவரியோடு வரும், முகவரி என்பது இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்து. உங்கள் ஹெட்ஃபோனின் முகவரியைப் பிடித்துக்கொண்டு, பழைய இணைப்பு இருந்தால் முதலில் 'ரிமூவ்', பிறகு மறுபடி ஸ்கேனில் தெரிந்ததும் 'பேர்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' என்று இதே வரிசையில், ஒவ்வொன்றுக்குப் பின்னும் முகவரியைக் கொடுங்கள். முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதி தானே நிரம்பும். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேர் செய்வது முக்கியம்.

கனெக்ட் கொடுக்கும்போது 'புரொஃபைல் அன்அவைலபிள்' என்று முடிகிற பிழை வந்தால் கோளாறு நடு அடுக்கில் இல்லை, மேல் அடுக்கில். புளூஸீ தயார், ஆனால் சத்தத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை என்று அர்த்தம். உபுண்டு, டெபியன், மின்டில் பைப்வயர் இருந்தால் 'லிப்ஸ்பா 0.2 புளூடூத்' என்ற தொகுப்பு வேண்டும், பல்ஸ்ஆடியோ இருந்தால் 'பல்ஸ்ஆடியோ மாட்யூல் புளூடூத்'. எது ஓடுகிறதோ அதற்குரியதை மட்டும் நிறுவிவிட்டு, லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். இந்த ஒரு பிழைக்காகத்தான் அதிகம் பேர் ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், தீர்வு ஒரு தொகுப்பு.

கனெக்ட் ஆயிடுச்சு சார். ஆனா சத்தம் லேப்டாப் ஸ்பீக்கர்லதான் வருது

ஒலி அமைப்பில் அவுட்புட் எது என்று பாருங்கள், ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுங்கள். பெயரே அங்கே இல்லையென்றால் 'பாவுகன்ட்ரோல்' என்ற சின்ன நிரலை நிறுவிக்கொள்ளுங்கள், பைப்வயரிலும் அது நன்றாகவே ஓடும். அதில் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனுக்குப் போனால் ஹெட்ஃபோனுக்கு நேராக எந்த புரொஃபைல் (சத்தம் போகும் வழி) என்று ஒரு பட்டியல் இருக்கும். அது ஆஃப் என்று இருந்தால் ஏ2டிபி என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தாவலை மறக்காதீர்கள், அடுத்த கேள்விக்கும் இதுவே வேண்டும்.

பாட்டு அருமையா கேட்குது. மீட்டிங் ஆரம்பிச்ச உடனே கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுது. ஹெட்ஃபோன் போச்சா?

போகவில்லை. இது எதனால் என்று புரிந்துகொண்டால் பிறகு ஒருபோதும் பயப்பட மாட்டீர்கள். புளூடூத்தில் சத்தம் போக இரண்டு வழி இருக்கிறது. ஏ2டிபி என்பது ஒருவழிப் பாதை, ஸ்டீரியோ, அகலமானது. சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; சாதாரண எஸ்பிசி கோடெக்கிலேயே விநாடிக்கு 328 கிலோபிட் வரை போகும். ஆனால் மைக் இதில் வராது. மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் புரொஃபைலுக்கு மாற வேண்டும், அது ஃபோன் பேசுவதற்காக வகுத்த இருவழிப் பாதை, ஒரு பக்கத்துக்கு 64 கிலோபிட்தான், ஸ்டீரியோவும் கிடையாது. பழைய சிவிஎஸ்டி கோடெக் என்றால் விநாடிக்கு 8,000 மாதிரிகள், எம்எஸ்பிசி என்றால் 16,000. பாட்டுக்கு வழக்கமாக இருப்பது 44,100. நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலி முழுவதும் சிவிஎஸ்டியில் வெட்டுப்படும், எம்எஸ்பிசியில் அந்த எல்லை எட்டாயிரம்.

போன மார்கழியில் பெரியம்மா வீட்டில் இது நடந்தது. லேப்டாப்பில் கச்சேரி ஓடிக்கொண்டிருக்கிறது, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கழற்றி, "தம்புராவைக் காணோம்டா" என்றார். வாங்கிக் கேட்டேன். பாட்டு இருந்தது, தம்புரா இல்லை, மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. உலாவியில் பின்னால் ஒரு தாவலில் பேரனோடு பேசிய வீடியோ அழைப்பின் பக்கம் மூடப்படாமல் இருந்தது, அது மைக்கைப் பிடித்து வைத்திருந்தது. மைக்கை யாராவது கேட்டால் வயர்பிளம்பர் தானாகவே ஹெட்செட் புரொஃபைலுக்கு மாற்றிவிடும். அந்தத் தாவலை மூடினேன், இரண்டு விநாடியில் தம்புரா வந்துவிட்டது.

ஆக, செய்ய வேண்டியது: மீட்டிங் நிரலில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், கேட்பதற்கு மட்டும் ஹெட்ஃபோன். எதிர்முனையில் இருப்பவருக்கும் உங்கள் குரல் இதில்தான் தெளிவாகக் கேட்கும், நேர்முகத் தேர்வு இருக்கிற பிள்ளைகள் இதை மறக்காமல் செய்யுங்கள். தானாக மாறுவதே வேண்டாமென்றால் வயர்பிளம்பர் 0.5 முதல் அதற்கென ஒரு அமைப்பு இருக்கிறது, 'புளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-புரொஃபைல்' என்று பெயர். 'டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ்' என்று தட்டினால் அந்தப் பட்டியலில் இருக்கும், அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஹெட்ஃபோன் மைக்தான் வேண்டும் என்கிறவர்கள் பாவுகன்ட்ரோலில் எம்எஸ்பிசி இருக்கிறதா என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள், சிவிஎஸ்டியை விட எவ்வளவோ தேவலை.

ஆனா ஃபோன்ல இதே ஹெட்ஃபோன்ல பேசும்போது அப்படி இல்லையே?

ஃபோனிலும் அதேதான் நடக்கிறது. ஃபோன் பேசும்போது காதில் விழுவது குரல் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க அருகில் பாட்டு இல்லை, அதனால் உறைப்பதில்லை. விண்டோஸிலும் இதே கட்டுப்பாடு உண்டு. எல்சி3 கோடெக்கோடு வரும் எல்இ ஆடியோ இதைத் தீர்க்கத்தான் வந்திருக்கிறது, புளூஸீயிலும் பைப்வயரிலும் அதற்கான வேலை நடந்திருக்கிறது, ஆனால் ஹெட்ஃபோன், சிப், மென்பொருள் மூன்றும் ஒத்துவந்தால்தான் உண்டு. இன்றைக்கு அதை நம்பி ஹெட்ஃபோன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

விட்டு விட்டு கேட்குது. சில நேரம் நல்லா இருக்கு, சில நேரம் பிச்சுப் பிச்சு வருது

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அதே இடத்தில் வைஃபையும் ஓடுகிறது. லேப்டாப்பில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதில் போடுங்கள், பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

டாங்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. யுஎஸ்பி 3.0 ஓடும்போது அதன் கேபிளும் துறையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. என்னிடம் படிக்கிற தம்பி ஒருவன் ராத்திரி மட்டும் பாட்டு அறுபடுகிறது என்றான். போய்ப் பார்த்தால், ராத்திரிதான் அவன் வெளி ஹார்ட்டிஸ்கில் பேக்அப் எடுப்பது, டாங்கிள் செருகியிருந்தது அந்த ஹார்ட்டிஸ்குக்குப் பக்கத்துத் துறையில், இரண்டும் நீலநாக்குத் துறைகள். அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, டாங்கிளை மேசையின் விளிம்புக்குக் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டினோம். பேக்அப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு சுத்தமாக வந்தது. கட்டளை எதுவும் தட்டவில்லை. டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில், இரும்புப் பெட்டியின் மறைவில் டாங்கிள் செருகியிருப்பவர்களுக்கும் இதே வயர்தான் மருந்து.

வீட்ல லேப்டாப்ல விண்டோஸும் இருக்கு. அங்க போயிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் புதுசா பேர் பண்ண வேண்டியிருக்கே, இதுக்கு விடிவே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். பேரிங் என்பது சாவிப் பரிமாற்றம் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஹெட்ஃபோன் ஒவ்வொரு கணினி முகவரிக்கும் ஒரு சாவிதான் வைத்திருக்கும். உங்கள் லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் இருந்தாலும் புளூடூத் சிப் ஒன்று, முகவரி ஒன்று. விண்டோஸில் பேர் செய்ததும் அந்த முகவரிக்குப் புதுச் சாவி, லினக்ஸிடம் இருப்பது செல்லாத சாவி. மறுபடி லினக்ஸில் பேர் செய்தால் விண்டோஸ் வெளியே நிற்கும்.

தீர்வு, இரண்டு பக்கமும் ஒரே சாவி இருக்கச் செய்வது. முதலில் லினக்ஸில் பேர் செய்யுங்கள், பிறகு விண்டோஸில். இப்போது செல்லுகிற சாவி விண்டோஸிடம் இருக்கிறது. லினக்ஸுக்கு வந்து விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து (லினக்ஸில் திறந்து), சிஎச்என்டிபிடபிள்யூ என்ற கருவியால் விண்டோஸின் சிஸ்டம் ரெஜிஸ்ட்ரி கோப்பைத் திறந்து, பிடிஎச்போர்ட் என்பதன் கீழே பாராமீட்டர்ஸ், அதன் கீழே கீஸ் என்ற இடத்துக்குப் போனால் உங்கள் சிப்பின் முகவரியும் ஹெட்ஃபோனின் முகவரியும் இருக்கும். அங்கே இருக்கும் 32 எழுத்துச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் வார், லிப், புளூடூத் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடைவுக்குள், அதே இரண்டு முகவரிகளின் பெயரில் இருக்கும் அடைவில் 'இன்ஃபோ' என்ற கோப்பு உண்டு. அதில் லிங்க்கீ பகுதியில் இருக்கும் பழைய சாவியை எடுத்துவிட்டு இதை இடைவெளி இல்லாமல், பெரிய எழுத்தில் எழுதி, புளூடூத் சேவையை மறுபடி தொடக்குங்கள். விண்டோஸ் பக்கத்துக் கோப்பில் எதையும் எழுதாதீர்கள், படித்தால் போதும். விண்டோஸ் வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் லினக்ஸுக்கென்று ஒரு டாங்கிள் செருகி, அதில் மட்டும் பேர் செய்யுங்கள். முகவரி வேறாகிவிடுவதால் சண்டையே இல்லை. வயதானவர்கள் வீட்டில் நான் இதைத்தான் செய்கிறேன்.

வீடியோல வாய் முன்னாடி அசையுது, பேச்சு பின்னாடி வருது

எஸ்பிசியில் சத்தம் காதுக்கு வர ஏறக்குறைய கால் விநாடிவரை ஆகலாம். உலாவிகள் அந்தத் தாமதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துக் காட்டும், ஆனால் ஹெட்ஃபோன் சொல்லும் கணக்கு தவறாக இருந்தால் ஏமாந்துபோகும். பாவுகன்ட்ரோலின் அவுட்புட் டிவைசஸ் தாவலில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் திறந்தால் லேட்டன்சி ஆஃப்செட் என்று இருக்கும், அங்கே மில்லிவிநாடிக் கணக்கில் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒரு தட்டுக்கு 50 மில்லிவிநாடி நகர்த்தும். கேம் விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் உதவாது, வயர்தான்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதல் எழுத்தை முழுங்கிடுது அண்ணா, டிக்‌ஷனரில உச்சரிப்பு கேட்கவே முடியல

ஐந்து விநாடி சத்தம் எதுவும் இல்லையென்றால் வயர்பிளம்பர் அந்தப் பாதையை உறங்க வைத்துவிடும். அடுத்த சத்தம் வரும்போது விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் முதல் எழுத்து போய்விடுகிறது. 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்பதைப் பூஜ்யமாக்கினால் உறங்காது. இதை வயர்பிளம்பரின் அமைப்புக் கோப்பில், 'புளூஸீ_அவுட்புட்' என்று தொடங்கும் கருவிகளுக்கு மட்டும் பொருந்தும்படி எழுத வேண்டும். 0.5க்கு முந்தைய பதிப்புகளில் அமைப்புக் கோப்புகள் லுவா மொழியில் இருக்கும், அதன்பின் வடிவமே மாறிவிட்டது, எனவே எடுத்தாளும் எடுத்துக்காட்டு உங்கள் பதிப்புக்கானதா என்று பாருங்கள். பார்வையற்றவர்கள் ஓர்கா திரைவாசிப்பானோடு புளூடூத் ஹெட்ஃபோன் பயன்படுத்தினால் இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள். ஒவ்வொரு சொல்லின் தலையும் வெட்டுப்பட்டால் அவர்களால் வேலையே பார்க்க முடியாது.

எல்டிஏசி, ஆப்ட்எக்ஸ் எல்லாம் லினக்ஸ்ல வருமா?

பைப்வயரில் இந்த இரண்டு கோடெக்கும் உண்டு, எல்டிஏசி 990 கிலோபிட் வரை போகும். ஏஏசி என்ற கோடெக் மட்டும் உரிமச் சிக்கலால் சில விநியோகங்களில் இருக்காது. பாவுகன்ட்ரோலின் அதே கான்ஃபிகரேஷன் தாவலில் உங்கள் ஹெட்ஃபோனுக்கு எவையெல்லாம் கிடைக்கின்றன என்று பார்க்கலாம். எஸ்பிசி-எக்ஸ்க்யூ என்று ஒன்று தெரிந்தால் அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், விலை குறைந்த ஹெட்ஃபோன்களிலும் நல்ல வித்தியாசம் தெரிகிறது, குறிப்பாக ஜால்ராவும் தவிலின் வலந்தலைச் சத்தமும். சத்தம் அறுபட ஆரம்பித்தால் மட்டும் சாதாரண எஸ்பிசிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏர்பாட்ஸ் பேர் ஆகவே மாட்டேங்குது

இட்சி (இ, டி, சி) அடைவுக்குள் புளூடூத் அடைவில் இருக்கும் மெயின்.கான்ஃப் என்ற கோப்பில் 'கன்ட்ரோலர்மோட்' என்ற வரியில் 'பிஆர்ஈடிஆர்' (சாதாரண புளூடூத் மட்டும்) என்று எழுதி, சேவையை மறுபடி தொடக்கி, பிறகு பேர் செய்யுங்கள். பெட்டிக்குள் வைத்து, மூடியைத் திறந்து, பெட்டியின் பின்பக்கத்தில் பொத்தான் இருந்தால் அதை வெள்ளை விளக்கு சிமிட்டும்வரை அழுத்த வேண்டும். குறைந்த மின்சக்தி வகையில் ஓடும் மவுஸோ கீபோர்டோ வைத்திருந்தால் இந்த அமைப்பில் அவை நின்றுபோகும், பேர் ஆனதும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

நீங்க சொன்னது எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகல. இனி யார்கிட்ட கேட்கிறது?

என்னிடமே கேளுங்கள், ஆனால் வெறும் "வரல" என்று அனுப்பாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. 'புளூடூத்சிடிஎல்' இன் 'ஷோ' கட்டளை காட்டுவது. 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டுவது. அப்புறம் 'ஜர்னல்சிடிஎல்' இல் புளூடூத் சேவையின் கடைசி ஐம்பது வரிகள். இந்த வரிகளை ஒரு ஜன்னலில் ஓடவிட்டுக்கொண்டே ஹெட்ஃபோனை இணைத்துப் பாருங்கள், கோளாறு நடக்கிற அதே விநாடியில் எந்த வரி விழுகிறது என்பதுதான் எனக்கு வேண்டியது. மூன்று அடுக்கில் எது என்று அந்த வரியே சொல்லிவிடும். நடு அடுக்கு என்றால் புளூஸீயின் கிட்ஹப் பக்கத்திலும், மேல் அடுக்கு என்றால் பைப்வயரின் கிட்லேப் பக்கத்திலும் பிழையாகப் பதியலாம், அங்கே பதில் சொல்கிறார்கள்.

ஹெட்ஃபோனின் சரியான மாடல் எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று தலைமுறை விற்கிறார்கள், ஒன்றில் வருகிற கோளாறு மற்றதில் வராது. எண் பெட்டியின் அடியிலோ, ஹெட்ஃபோனின் வளைவுக்கு உள்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். படிக்க முடியாவிட்டால் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.